இறால் ஒத்துக்கொள்ளாத வீட்டுக்குப் பூச்சிப் பொதி வந்தால்

இறால் பட்டால் உதடு தடிக்கும், தொண்டை அடைக்கும், உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பும். அப்படி ஒருவர் இருக்கும் வீடுகள் நம் கரையோரத்தில் உண்டு. கூனி அரைத்த அம்மியைக் கழுவாமல் அந்தப் பிள்ளைக்குச் சம்பல் அரைக்கமாட்டார்கள். இறால் பொரித்த எண்ணெயில் அதற்கு முட்டை பொரிக்கமாட்டார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவியும் வயலுமாகக் கிடக்கும் பெரியநீலாவணையிலும், அதை ஒட்டிய மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் இது உம்மாமாரும் அம்மாமாரும் அனுபவத்தில் படித்துக்கொண்ட வைத்தியம். அந்த வீடுகளுக்கே இதை முதலில் சொல்ல வேண்டும்: இறால் ஒத்துக்கொள்ளாதவர் வறுத்த வெட்டுக்கிளியையோ, சுவர்க்கோழி என்ற சிள்வண்டையோ, மாவுப்புழுவையோ வாயில் வைக்கவே கூடாது. அவற்றின் மாவில் செய்த பிஸ்கட்டும் அப்படியே.

நம் ஊரில் யார் பூச்சி தின்கிறார்கள் என்று கேட்கலாம். பூச்சி உணவு எங்கோ காட்டில் வாழ்பவர்களின் பழக்கம் என்று ஒதுக்கிவைத்த காலம் முடிந்துவிட்டது. ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு 2013இல் வெளியிட்ட பெரிய அறிக்கைக்குப் பிறகு இது உலகச் சந்தைக்குரிய பண்டமாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் உலர்ந்த மாவுப்புழுவுக்கும் வெட்டுக்கிளிக்கும் அனுமதி கொடுத்தது. அடுத்த ஆண்டு சுவர்க்கோழிக்குக் கொடுத்தது. சிங்கப்பூர் 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை மனித உணவாக ஏற்றுக்கொண்டது. தாய்லாந்தில் சுவர்க்கோழி வளர்க்கும் பண்ணைகள் ஏறத்தாழ 20,000 என்று அந்த 2013 அறிக்கையே சொல்கிறது. இந்த நாடுகளுக்கெல்லாம் நம் ஆட்கள் போய்வருகிறார்கள். விமான நிலையத்தில் வாங்கிய பொதியொன்று சாமான் பெட்டிக்குள் கிடந்து கல்முனைக்கு வந்து சேர ஒரு நாள் போதும். மாவாக அரைத்து, சொக்லட் கலந்து, அழகான உறையில் போட்டுவிட்டால் அதைப் பூச்சியென்று பிள்ளை எப்படி அறியும்?

பூச்சி உணவுக்காகச் சொல்லப்படும் நியாயங்களை நான் மறுக்கவில்லை. ஒரு கிலோ உடல் எடை கூட மாடு சுமார் 8 கிலோ தீன் தின்னும். சுவர்க்கோழிக்கு 2 கிலோ போதும் என்கிறது அதே அறிக்கை. தண்ணீரும் நிலமும் குறைவாகவே தேவை. இரும்பும் துத்தநாகமும் அதில் உண்டு. 2022 செப்டெம்பரில் நம் நாட்டின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டபோது, முட்டை வாங்கக்கூடக் கணக்குப் பார்த்த குடும்பங்களில் நாமும் இருந்தோம். மலிவான புரதம் என்று ஒருவர் சொன்னால் காது கொடுக்கத்தான் செய்வோம். ஆனால் பொதியில் எழுதியிருக்கும் புரத அளவைக்கூட அப்படியே நம்பமுடியாது. உணவிலுள்ள நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் புரதக் கணக்குப் போடுவதே வழக்கம். பூச்சியின் ஓட்டிலுள்ள கைட்டினிலும் நைதரசன் இருப்பதால் அந்தக் கணக்கு ஊதிப்போகிறது. மாவுப்புழுவுக்கு 4.76ஆல் பெருக்குவதே சரி என்று ஆய்வாளர் காட்டியிருக்கிறார்கள். அதாவது 60 கிராம் என்று எழுதியிருந்தால் உண்மையில் கிடைப்பது 46 கிராமுக்குக் கிட்ட.

தமிழருக்கு இது புதிதுமில்லை. புறநானூற்றின் 119ஆம் பாட்டில் கபிலர், கார்கால மழைக்குப் பின் புற்றிலிருந்து வரும் ஈயலை மோரோடு சேர்த்துச் சமைத்த புளிங்கறியைப் பாடுகிறார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் முதல் மழை விட்ட இரவில் விளக்கு வைத்து ஈசல் பிடித்து, சிறகைப் புடைத்தெடுத்து, அரிசிப் பொரியோடு வறுத்துத் தின்கிறார்கள். நம் நாட்டு வேடர் தேனடையை அதிலுள்ள புழுவோடு சேர்த்துத் தின்று வாழ்ந்தவர்கள். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் முசுறு எறும்பை அரைத்துச் செய்யும் சட்னிக்கு 2024இல் புவிசார் குறியீடே கிடைத்தது. இவர்கள் எல்லோருக்கும் எந்தப் பூச்சி, எந்தப் பருவம், எந்தப் புற்று என்பது தலைமுறை அறிவு. கடையில் உறை கிழித்துத் தின்பவனிடம் அந்த அறிவு இல்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இனி இறாலுக்கு வருவோம். இறால், நண்டு, கூனி, வெட்டுக்கிளி, சிள்வண்டு எல்லாம் கணுக்காலிகள் என்ற ஒரே பெருங்குடும்பம். இவற்றின் தசையில் துரோபோமயோசின் என்றொரு புரதம் இருக்கிறது. இறால் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம் அதுவே. பூச்சியிலுள்ள துரோபோமயோசினும் இறாலினுடையதும் அச்சில் வார்த்ததுபோல் ஒத்திருப்பதால், ஒன்றைப் பகையென்று பழகிய உடம்பு மற்றதையும் பகையாகவே பார்க்கும். நெதர்லாந்தின் உத்ரெக்ட் மருத்துவ ஆய்வாளர்கள் இறால் ஒவ்வாமையுள்ள 15 பேருக்கு, வைத்தியர் பக்கத்தில் நிற்க, மாவுப்புழுவைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 13 பேருக்கு ஒவ்வாமை வந்தது. 15இல் 13. சமைத்தாலும் பொரித்தாலும் இந்தப் புரதம் முற்றாக அழிந்துவிடாது. சட்டியில் கருகும்வரை வறுத்த இறாலும் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பதை நம் வீட்டு அடுப்படிகள் அறியும்.

இறால் தின்று எதுவும் ஆகாதவர்களிலும் சிலர் கவனமாக இருக்க வேண்டும். வீட்டுத் தூசியில் வாழும் உண்ணியும் கணுக்காலிதான். அந்தத் தூசி பட்டால் தும்மலும் ஆஸ்துமாவும் வருகிறவர்களுக்கும் பூச்சி உணவு இழுப்பைக் கிளப்பலாம். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் பூச்சி சேர்த்த ஒவ்வொரு பொதியிலும் இறால் நண்டு வகை, தூசி உண்ணி ஆகியவற்றால் ஒவ்வாமையுள்ளவர்களுக்கு எச்சரிக்கை எழுதவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. சீனாவில் பட்டுப்புழுவின் கூட்டுப்புழுவைத் தின்று கடும் ஒவ்வாமைக்கு ஆளானவர்களைப் பற்றி மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். அவர்களில் முதல் தடவையாக அதைத் தின்றவர்களும் உண்டு. ‘முன்னர் தின்றதில்லை, அதனால் ஒவ்வாமை இருக்காது’ என்ற எண்ணம் பிழை. இறாலையோ தூசி உண்ணியையோ பகையென்று பழகிய உடம்பு பூச்சிக்கும் ஏற்கெனவே ஆயத்தமாகியிருக்கலாம்.

இதில் இன்னொன்று பலருக்குத் தெரியாது. சிவப்பு இனிப்பு, தயிர், குளிர்பானம் சிலவற்றில் ஈ120 என்ற எண்ணோடு வரும் கார்மின் சாயம் கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுப்பது. அதனாலும் கடும் ஒவ்வாமை வந்ததால்தான் அமெரிக்கா 2011 முதல் அந்தப் பெயரை உறையில் வெளிப்படையாக எழுதச் சொன்னது. ஹலால் பார்த்து வாங்குகிறவர்களுக்கும் இந்த எண் தெரிந்திருப்பது நல்லது.

உறையில் வருவது ஒரு பக்கம். நம் வயலில் பறப்பது இன்னொரு பக்கம், இங்கே அதைவிடக் கவலை தருவது. அம்பாறை இந்த நாட்டின் நெற்களஞ்சியங்களில் ஒன்று. பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் தத்திக்கும் மூட்டுப்பூச்சிக்கும் தண்டு துளைப்பானுக்கும் மருந்து விசிறாத வயல் அரிது. 2018இல் சேனா படைப்புழு வந்து சோளத்தைத் தின்றபோது மருந்து இன்னும் கூடியது. வயலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: நல்ல உசாரான வெட்டுக்கிளி கைக்கு அகப்படாது. கிட்டப் போனாலே பாய்ந்துவிடும். கையில் இலகுவாக அகப்படுவது காலை இழுத்து இழுத்து நடக்கிற, வரம்பில் மல்லாந்து கிடக்கிற பூச்சி. அது மருந்து பட்டு மயங்கியது. பிள்ளைகள் பொறுக்குவது அதைத்தான். டெங்குக்குப் புகை அடித்த மறுநாள் முற்றத்தில் விழுந்து கிடப்பதும் அதே சாதி. கறையானுக்கு மருந்து ஊற்றிய வளவில் பறக்கும் ஈசலும் அப்படியே.

இது வெறும் ஊகமா? 1988, 89 ஆண்டுகளில் குவைத்தில் வெட்டுக்கிளி படையெடுத்தபோது மக்கள் அவற்றைப் பிடித்துத் தின்றார்கள். பின்னர் ஆய்வாளர்கள் சோதித்தபோது அந்த வெட்டுக்கிளிகளில் பூச்சிமருந்தின் எச்சம் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தது. படையை அழிக்க வானத்திலிருந்தும் தரையிலிருந்தும் விசிறிய மருந்து அது. தாய்லாந்தில் 1970களின் கடைசியில் வெட்டுக்கிளியை மருந்தால் அடக்கமுடியாமல் போகவே, அரசே அதைப் பிடித்துத் தின்னச் சொன்னது. சந்தையில் அதற்கு விலை ஏறியதும் விவசாயிகள் சிலர் மருந்து அடிப்பதைக் கைவிட்டார்கள். மருந்தும் உணவும் ஒரே வயலில் சேர்ந்திருக்க முடியாது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. சிங்கப்பூர் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. அங்கே உணவுக்கு வரும் பூச்சி பண்ணையில் வளர்த்ததாக இருக்கவேண்டும். காட்டிலோ வயலிலோ பிடித்தது ஆகாது.

ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் முஸ்லிம் ஊர்களில் வெட்டுக்கிளி ஆகும், மற்றப் பூச்சிகள் ஆகாது என்பதே உலமாக்கள் சொல்லித் தந்தது. நபிமொழியில் வெட்டுக்கிளிக்கு அனுமதி உண்டு. அதனால் ‘வெட்டுக்கிளி என்றால் பயமில்லை’ என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆகுமானது என்பது மார்க்கத் தீர்ப்பு. நஞ்சு பட்டதா இல்லையா என்பது கண்ணால் பார்த்துத் தீர்க்க முடியாத வேறு கேள்வி. அதோடு வெட்டுக்கிளியிலும் வகையுண்டு. 2020இல் குருநாகல் மாவத்தகமப் பக்கம் மஞ்சள் புள்ளி வெட்டுக்கிளி கூட்டமாக வந்து செய்தியானது நினைவிருக்கலாம். ஆபிரிக்காவிலிருந்து வந்த பாலைவன வெட்டுக்கிளி என்று பலர் பயந்தார்கள். அது வேறு, இது இந்த நாட்டிலேயே இருப்பது. தொட்டால் உடம்பிலிருந்து கசக்கும் நுரையை விடும். அந்தப் பளிச்சென்ற மஞ்சள் புள்ளிகள் ‘என்னைத் தின்னாதே’ என்று பறவைக்கு அது சொல்லும் சொல். மனிதனும் கேட்கவேண்டிய சொல். பயற்றங்கொடிப் பூவில் கறுப்பும் செம்மஞ்சளும் பட்டை பட்டையாக உட்கார்ந்திருக்கும் கொப்புள வண்டு இன்னும் மோசம். அதன் உடம்பிலுள்ள கந்தரிடின் சில பத்து மில்லிகிராம் உள்ளே போனாலே உயிரைக் குடிக்கும். பொரித்தாலும் அந்த நஞ்சு போகாது.

மீன் தின்னும் ஊருக்கு அடுத்த ஆபத்தை விளக்குவது சுலபம். வெயிலில் கிடந்த சூரையைக் கறியாக்கித் தின்றால் அரைமணி நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு அரிக்கும். மீன் கெடும்போது பற்றீரியா உண்டாக்கும் ஹிஸ்டமின் செய்யும் வேலை அது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. பூச்சியிலும் இதேதான். தாய்லாந்தில் பொரித்த வெட்டுக்கிளியும் பட்டுக் கூட்டுப்புழுவும் வாங்கித் தின்ற பாடசாலைப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நோயுற்றபோது, மருத்துவர்கள் தேடிக் கண்டது இந்த ஹிஸ்டமினைத்தான். பிடித்த பூச்சியைக் குளிரில் வைக்காமல் போட்டுவைத்து, பிறகு மொறுமொறுவென்று பொரித்தால் பார்வைக்கு நல்லதாகத்தான் இருக்கும். சூரைக்கு வாசம் காட்டிக்கொடுக்கும், செவுள் காட்டிக்கொடுக்கும். மசாலாவில் புரட்டிய பூச்சிக்கு என்ன அடையாளம்?

இதுவரை சொன்னது உடனே தெரியும் ஆபத்து. மெல்ல வருவதும் ஒன்று உண்டு. அதை எண்ணினால்தான் எனக்கு அதிகம் கவலை. நைஜீரியாவின் தென்மேற்கில் யொருபா மக்கள் மழைக்காலத்தில் அனாபே என்ற ஒருவகைப் பட்டுப்புழுவை விரும்பித் தின்பார்கள். அந்த மாதங்களில் வைத்தியசாலைகளுக்கு விசித்திரமான நோயாளிகள் வந்தார்கள்: கைகால் நடுக்கம், கள் குடித்தவர்போல் தள்ளாட்டம், சிலருக்கு நினைவும் தடுமாறியது. ஆண்டுதோறும் அதே பருவத்தில் வந்தது. 1990களில்தான் காரணம் தெளிவானது. அந்தப் புழுவில் தயமினை, அதாவது விற்றமின் பி1ஐ, உடைக்கும் நொதியம் இருந்தது. தயமின் கொடுத்ததும் நோயாளிகள் தேறினார்கள். ஏன் எல்லோருக்கும் வரவில்லை? ஏழைகளுக்கு, மரவள்ளி மாவே பெரும் உணவாக இருந்தவர்களுக்கு வந்தது. அவர்கள் உடம்பில் தயமின் முன்பே குறைவு. புழு மிச்சத்தையும் எடுத்துவிட்டது.

இதை நம் கோப்பைக்குக் கொண்டுவந்து பாருங்கள். மூன்று வேளையும் சோறும் மாப்பண்டமுமாகச் சாப்பிடும் வீடு, அதுவும் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசி. தவிட்டோடு தயமின் போய்விடும். புழுங்கல் அரிசியில் ஓரளவு தங்கும். தயமின் குறையால் வரும் நோய்க்கு உலகம் சொல்லும் பெரிபெரி என்ற பெயரே சிங்களச் சொல் என்பார்கள். அந்த நோயை அறிந்த தீவு இது. சத்துக் குறைந்தவனுக்கு மலிவான சத்து என்று சொல்லிக் கொடுக்கப்படும் பொருள், அவனுடைய சத்தையே தின்றுவிடவும் கூடும். எல்லாப் பூச்சியும் அப்படியில்லை. எது அப்படி என்று தெரியாமல் வறிய வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துப் பார்க்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

வெளிநாட்டுப் பொட்டலத்துக்கு ஒரு பாடம் மெக்சிகோவிலிருந்து கிடைக்கிறது. அந்நாட்டின் வாஹாகா மாநிலத்திலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குக் கூலிவேலைக்குப் போன குடும்பங்களுக்கு, ஊர்ச் சொந்தங்கள் உலர்ந்த வெட்டுக்கிளியைப் பாசத்தோடு அனுப்பிவைத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது. தேடிப் போனபோது ஈயம் அந்த வெட்டுக்கிளியில் இருந்தது. 2007இல் அந்த ஆய்வு வெளியானது. கெட்ட எண்ணத்தில் யாரும் அனுப்பவில்லை. ஊர் ருசி பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும் என்றுதான் அனுப்பினார்கள். சோதிக்காமல் கைமாறும் பொட்டலத்துக்குப் பாசம் தெரியாது.

நாம் நேரே தின்னாவிட்டாலும் கோழி வழியாகவும் மீன் வழியாகவும் பூச்சி நம் சட்டிக்கு வரும். கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுவைக் கழிவில் வளர்த்துக் கோழிக்கும் மீனுக்கும் தீனாகக் கொடுப்பது இப்போது பல நாடுகளில் நடக்கிறது. கோழித்தீன் விலை ஏறிக்கிடக்கும்போது நல்ல யோசனைதான். தேங்காய்ப் பிண்ணாக்கு, மரக்கறிக் கழிவு என்று பிரித்தெடுத்ததைக் கொடுத்தால் பிழையில்லை. ஆனால் நம் குப்பை எப்படிப்பட்டது? அம்பாறையின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டை எண்ணிப் பாருங்கள். 2022 ஜனவரியில் அங்கே மேலும் 2 யானைகள் இறந்து கிடந்தன. 8 ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அந்தக் குப்பையின் பிளாஸ்திக்கைத் தின்று செத்தன. பற்றரியும் பம்பர்ஸும் பொலித்தீனும் மீன் கழிவும் ஒன்றாகக் கிடக்கும் குப்பையில் புழு வளர்த்தால், பற்றரியிலிருந்து கசியும் கட்மியத்தை அந்தப் புழு தன் உடம்பில் சேர்த்துவைக்கும். மாவுப்புழு ஆசனிக்கைச் சேர்த்துவைக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015லேயே, பூச்சியின் பாதுகாப்பு அது எதைத் தின்று வளர்ந்தது என்பதில் தங்கியிருக்கிறது என்று எழுதிவிட்டது. அங்கே சாணத்தையும் சமையலறை எச்சிலையும் பூச்சிக்குத் தீனாகக் கொடுக்கத் தடை. யானை செத்தால் கண்ணுக்குத் தெரிகிறது. கோழிக்குள் போகும் கட்மியம் தெரியாது.

ஆகவே வேண்டுவது இவ்வளவுதான். பூச்சி கலந்த பொதி வீட்டுக்கு வந்தால் உறையைப் படியுங்கள். எந்தப் பூச்சி, எந்தப் பண்ணை, இறால் ஒவ்வாமை எச்சரிக்கை உண்டா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேண்டாம். கடையில் அப்படி ஒன்று விற்கக் கண்டால் உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அவர் கையில் இருக்கிறது. முழுப் பூச்சி தின்னப் பழகியவரானால் காலையும் சிறகையும் அகற்றிவிட்டே தின்னுங்கள். முள்ளுள்ள வெட்டுக்கிளிக் கால்கள் குடலை அடைத்த சம்பவங்கள் ஆபிரிக்காவில் பதிவாகியிருக்கின்றன. வயலில் பிடித்ததை, முற்றத்தில் விழுந்ததை, பிள்ளை கையிலிருந்து தட்டிவிடுங்கள். புழு வளர்க்கத் தொடங்கும் தம்பிமார், எதைத் தீனாகப் போடுகிறீர்கள் என்பதை வாங்குகிறவருக்கு எழுதிக் கொடுங்கள்.

தின்ற பிறகு உதடு தடித்து, குரல் அடைத்து, மூச்சு இழுத்தால் மஞ்சள் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அந்த நிலைக்கு மருந்து அட்ரினலின் ஊசி. அது நிமிடக் கணக்கில் போடவேண்டியது. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. போகும்போது அந்தப் பொதியையும் கையோடு எடுத்துப் போங்கள்.